சதவீதம் போதாது, சான்று வேண்டும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது நம் பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்: ‘உனக்கு எத்தனை பர்சென்ட் வந்தது?’ ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளில் ஆய்வேட்டை ஏற்றி, பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிட்டால் நிம்மதி, தாண்டிவிட்டால் கலக்கம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலையில் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளிலிருந்து வந்த கணக்கு இது. அதன்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தைக்கூடத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. அடுத்தவர் எழுதியதை அப்படியே அள்ளிவைத்துப் பட்டம் வாங்கியவர்கள் இருந்த நாட்டில் இப்படியொரு கடிவாளம் தேவைதான். ஆனால், இந்த எண் வந்த பிறகு, ஓர் ஆய்வாளர் எதற்காக மேற்கோள் காட்டுகிறார், அடிக்குறிப்பு எதற்காக இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

மாணவர்களுக்கு இதைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஒன்று, அது நன்றிக்கடன்: யாரிடமிருந்து எடுத்தாயோ அவர் பெயரைச் சொல். மற்றொன்று, அது தற்காப்பு: சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வாய். இரண்டுமே உண்மைதான். ஆனால், இரண்டிலும் வாசகருக்கு இடமில்லை. ஓர் ஆய்வேட்டில் வரும் ஒவ்வொரு சான்றும் முதலில் வாசகருக்கு உரியது. ‘நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, இந்த நூல், இந்தப் பதிப்பு, இந்தப் பக்கம், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியவர் தரும் உறுதிமொழி அது. அந்த வழியில் போன வாசகர் சொன்ன இடத்தில் சொன்ன செய்தியைக் கண்டால் மேற்கோள் சரி. காணாவிட்டால், மென்பொருள் சுழியம் சதவீதம் காட்டினாலும் அது தவறு. மாணவர்களின் கல்விசார் எழுத்தை இந்த ஓர் அளவுகோலால்தான் சோதிக்க வேண்டும் என்பது என் வாதம்.

சரிபார்க்கப்படாத மேற்கோள் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ உலகில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்து அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அடிமையானதாகப் பதிவுகள் காட்டுகின்றன என்பதே அதன் சாரம். மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்து பெற்றவர்களைப் பற்றிய குறிப்பு அது. மாத்திரையை வீட்டுக்கு வாங்கிச் சென்று மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அதே இதழ் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதைக் கண்டறிந்தது. அப்படிக் காட்டியவர்களில் 439 பேர், அதாவது 72 சதவீதத்தினர், ‘இம்மருந்துகளால் அடிமையாவது அரிது’ என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தார்கள். 491 பேர், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. 1999 முதல் 2019 வரை அமெரிக்காவில் அபின் வகை மருந்துகளின் மிகைப்பயன்பாட்டால் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், மருத்துவர்களின் தயக்கத்தைப் போக்கியவற்றில் இந்த மேற்கோளுக்கும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு முடிவுகட்டியது. ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று வடிவத்தில் குறை சொல்ல முடியாத மேற்கோள்கள்தாம் இத்தனையையும் சாதித்தன.

படிக்காமலே மேற்கோள் காட்டுவது எவ்வளவு பரவலானது? 2003இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி ஆகியோர் இதை அளக்க எளிய உத்தி ஒன்றைக் கையாண்டார்கள். புகழ்பெற்ற ஓர் ஆய்வுக் கட்டுரை சுமார் 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 196 மேற்கோள்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ பிழையாக இருந்தது. ஒவ்வொருவரும் மூலத்தைப் பார்த்து எழுதும்போது கைதவறியிருந்தால் 196 பிழைகளும் வெவ்வேறாக இருந்திருக்கும். ஆனால், வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பக்க எண் பிழை 78 பேரிடம் அச்சு அசலாக இருந்தது. முதலில் ஒருவர் தவறாக எழுதினார். மற்றவர்கள் அவருடைய துணைநூற்பட்டியலிலிருந்து அதைப் பெயர்த்துக்கொண்டார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இந்த எண்ணைக் குறித்து விவாதிக்கலாம். ஆனால், பிழை கைமாறிச் செல்லும் வழியை அந்த 78 பேர் காட்டிவிட்டார்கள்.

நம்முடைய சதவீதக் கணக்கு இந்த நோயைக் குணப்படுத்தாது; இன்னும் கெடுக்கவே செய்யும். மென்பொருள் சொற்களின் வரிசையைப் பார்க்கிறது. ஒருவருடைய வாதத்தையே திருடி வேறு சொற்களில் எழுதினால் அதற்குப் பெரும்பாலும் தெரியாது. யுஜிசி விதிமுறைகள் அடுத்தவர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் திருட்டு என்றுதான் வரையறுக்கின்றன. நடைமுறையில் பிடிபடுவதோ சொல் மட்டும்தான். எனவே, சொல்லை மாற்றும் வித்தை பெருகியது. துலூஸ் பல்கலைக்கழகத்தின் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 2021இல் அறிவியல் இதழ்களில் விநோதமான தொடர்களைத் தேடிப் பிடித்தார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘போலிப் பிரக்ஞை’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர். ‘மார்பகப் புற்றுநோய்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மார்பு ஆபத்து’. ஒப்புமை மென்பொருளிலிருந்து தப்புவதற்காக வேறொரு மென்பொருளைக் கொண்டு சொற்களை மாற்றியதன் விளைவு என்று அவர்கள் விளக்கினார்கள். தமிழில் நிலைமை வேறு மாதிரி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளும், பக்கங்களைப் படமெடுத்து வைத்த நூல்களும் மென்பொருளுக்கு எழுத்தாகவே தெரிவதில்லை. அப்படிப்பட்ட மூலத்திலிருந்து எடுத்தெழுதிய தமிழ் ஆய்வேட்டின் குறைந்த சதவீதம் நேர்மைக்குச் சான்றாகாது.

இதில் ஒரு முரணும் உண்டு. முறையாக மேற்கோள்குறியிட்டு ஆதாரம் காட்டிய பகுதிகள், துணைநூற்பட்டியல், சட்ட வாசகங்கள், சூத்திரங்கள் ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதிமுறையே சொல்கிறது. தற்செயலாகவோ பொது அறிவாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனாலும் கணக்கில் வராது. ஆகவே, ஒழுங்காக மேற்கோள் காட்டுபவருக்கு இந்த விதியால் இழப்பே இல்லை. ஆனால், மேற்கோளைக் கூட்டினால் சதவீதம் கூடும் என்ற பயம் மாணவர்களிடம் இருக்கிறது. அதனால் மூல ஆசிரியரின் வாக்கியத்தை அவருடைய சொற்களிலேயே தர வேண்டிய இடத்தில்கூட, சொற்களைக் குழப்பி, மேற்கோள்குறியை நீக்கிவிடுகிறார்கள். மூல ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதில் இது முடிகிறது. விதியை முழுதாகப் படிக்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டதன் பலன் இது.

சரியாக மேற்கோள் காட்டுவது என்றால் என்ன? தமிழ் நூல்களையே எடுத்துக்கொள்வோம். ‘புதுமைப்பித்தன் கதைகள், ப. 212’ என்று ஓர் ஆய்வேட்டில் இருந்தால் அது வாசகருக்குப் பயன்படாது. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. ஒன்றில் 212ஆம் பக்கத்தில் இருப்பது மற்றொன்றில் 340இல் இருக்கலாம். பதிப்பாளர், பதிப்பகம், ஆண்டு மூன்றும் இல்லாத பக்க எண் ஊர் பெயர் இல்லாத வீட்டு எண்ணைப் போன்றது. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு, ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில் எப்போது வந்தது, பதிப்புகளுக்கு இடையே பாடம் எங்கே மாறுகிறது என்பதையெல்லாம் தருகிறது. ஒரு சொல்லை வைத்து வாதாடும் மாணவர் அத்தகைய பதிப்பைப் பார்க்காமல் வாதாட முடியாது. திருக்குறளில் எண்ணைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். இன்று வழக்கிலிருக்கும் எண் பரிமேலழகரின் வைப்புமுறையைப் பின்பற்றியது. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல அதிகாரங்களில் வேறு. உரையை ஒப்பிடும் மாணவர் யாருடைய வரிசையைக் கொள்கிறார் என்று சொல்லாவிட்டால் வாசகர் தடுமாறுவார். அரைப்புள்ளியா காற்புள்ளியா என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. வாசகர் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று, இரண்டாம் கை மேற்கோள். ஒரு திறனாய்வு நூலில் அதன் ஆசிரியர், தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையை எடுத்தாண்டிருப்பார். மாணவர் அதைப் படித்துவிட்டு, நேராகப் பேராசிரியர் உரையையே படித்ததுபோல் சான்றெண் கொடுத்துவிடுவார். இது பாவமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடுவிலிருந்தவர் ஒரு சொல்லை விட்டிருந்தால் அந்தப் பிழையும் மாணவருடையதாகிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால் உண்மையும் நிற்கும், பிழையின் பொறுப்பும் உரிய இடத்தில் நிற்கும். மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதையே பார்த்துவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் என்று இன்று இருக்கும் வசதிகள் முந்தைய தலைமுறைக்கு இருந்ததில்லை. ‘மூல நூல் கிடைக்கவில்லை’ என்ற சாக்கு ஆண்டுக்காண்டு வலுவிழந்து வருகிறது.

இதெல்லாம் மேலைநாட்டு வழக்கம், நம் மரபில் அறிவு பொதுச்சொத்து என்று ஒரு வாதம் உண்டு. நம் இலக்கிய வரலாறே இதற்கு மறுப்பு. வளையாபதி முழுதாகக் கிடைக்கவில்லை, முத்தொள்ளாயிரமும் அப்படியே. இவற்றில் இன்று நம் கையிலிருக்கும் பாடல்களில் பெரும்பகுதி ‘புறத்திரட்டு’ என்ற தொகைநூலில் எடுத்தாளப்பட்டதால் பிழைத்தது. மாறாக, யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் நூற்பெயர் சொல்லாமல் காட்டப்பட்ட எத்தனையோ பாடல்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று இன்றுவரை தெரியவில்லை. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் பெயர் சுட்டாமல் வரும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடித்தான் உ.வே. சாமிநாதையர் பெரும்பாடுபட்டார். அவர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்த ஏட்டுச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதிவைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அவற்றில் இலக்கிய ஆட்சி உள்ள சொற்களுக்குப் பொருளை ஒட்டியே நூற்பெயர்ச் சுருக்கமும் பாடல் எண்ணும் நிற்கும். அந்தப் பொருள் சரிதானா என்று யாரும் போய்ப் பார்த்துவிடலாம். சான்று காட்டும் ஒழுக்கத்தை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பழக்கிவிட்டு, கல்லூரிக்கு வந்ததும் அதையே குற்றம் என்று சொல்வது எப்படி நியாயம்? தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத நேரும் மாணவர், தன் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாமல்தான் அடுத்தவர் வாக்கியத்தை எடுக்கிறார். திருடும் எண்ணத்தோடு அல்ல. இரண்டும் உண்மை. ஆனால், இவை மேற்கோள் வேண்டாம் என்பதற்கான காரணங்கள் ஆகா. அதை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். மொழித்தயக்கம் உள்ளவருக்கு மேற்கோள்குறி ஒரு பெரிய துணை. சொந்தமாக எழுத வராத வாக்கியத்தை அவர் நேர்மையாக எடுத்தாளலாம். யாருடையது என்று சொன்னால் போதும். யுஜிசியின் 2018 விதிமுறை இளநிலை, முதுநிலைப் பாடத்திட்டத்திலேயே கல்வி நேர்மையைக் கட்டாயப் பகுதியாகச் சேர்க்கச் சொல்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை 2019இல் யுஜிசி கொண்டுவந்தது. முனைவர் பட்ட வகுப்பில் தொடங்குவது மிகத் தாமதம். தண்டனை பற்றிய பிரிவுகளில் காட்டும் வேகத்தைக் கற்பித்தல் பற்றிய பிரிவில் காட்டாத நிறுவனம், மாணவரை மட்டும் குற்றவாளியாக்குவது முறையல்ல.

மூன்றாவது, ‘இனி எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்’ என்ற ஆறுதல். துணைநூற்பட்டியலை வரிசைப்படுத்தவும், ஒரு மேற்கோள் பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் மென்பொருள்கள் உதவும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் வரிசையாகக் காட்டப்பட்டிருந்தன. வழக்கின் பெயர், தொகுதி, நீதிமன்றம், ஆண்டு எல்லாம் கச்சிதம். எதிர்த்தரப்பு தேடியபோது அவற்றில் பல கிடைக்கவில்லை. சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகள் அவை. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தப் பொய்யை வெளிக்கொணர்ந்தது ஒப்புமை மென்பொருள் அல்ல. இல்லாத ஒன்றோடு எதை ஒப்பிடுவது? போய்ப் பார்த்த மனிதர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு புத்தம்புதிய வாக்கியங்களை நொடியில் எழுதிவிடலாம். அதற்கு ஒப்புமை சதவீதம் மிகக் குறைவாகவே வரும். எண்ணை நம்பும் முறை இந்தக் காலத்தில் பொருளிழந்துகொண்டிருக்கிறது. சரிபார்க்கும் முறை மட்டுமே மிஞ்சும்.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பதுதான் கடைசியாக வரும் பதில். நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகளை யார் சரிபார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தன் விருப்பப்படி ஐந்து சான்றெண்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கங்களைக் காட்டச் சொன்னால் போதும். எந்த ஐந்து என்பது முன்கூட்டித் தெரியாதவரை, மாணவர் ஐந்நூறையும் ஒழுங்காக வைத்திருப்பார். இளநிலை முதலாண்டில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை மூன்றே மூன்று மூலங்களைக் கொண்டு எழுதச் சொல்லி, கட்டுரையைச் சக மாணவரிடம் கொடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். செலவில்லாத பயிற்சி இது. தமிழ்த் துறைகள் தமக்குள் கூடி, பதிப்பு, வைப்புமுறை, ஏட்டுச் சுவடி, கல்வெட்டு, இதழ், நேர்காணல் ஆகியவற்றை எப்படிக் குறிப்பது என்று ஒரு பொது நெறியை வகுத்துக்கொள்ளலாம். இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் அத்தியாய இறுதியில் சான்றெண் விளக்கம், இன்னொன்றில் அடிக்குறிப்பு, மற்றொன்றில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு என்று இருப்பதில் தவறில்லை. மூன்றிலும் வாசகர் மூலத்தைக் கண்டடைய முடிகிறதா என்பதே கேள்வி.

பல்கலைக்கழகங்கள் ஒப்புமை அறிக்கையைக் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது முதல் சல்லடையாக இருக்கட்டும். பட்டம் கொடுக்கும் தகுதிச் சான்றாக இருக்கக் கூடாது. ஆய்வேட்டின் இறுதியில் இணைக்கப்படும் அந்த ஒரு பக்க அறிக்கைக்குப் பக்கத்தில், ‘இவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்’ என்று நெறியாளரும் தேர்வாளரும் கையெழுத்திட்ட இன்னொரு பக்கத்தையும் கட்டாயமாக்க வேண்டும். கையெழுத்திடுபவர் படிக்க வேண்டியிருக்கும். தேர்வாளர் படிப்பார் என்று தெரிந்தால் மாணவரும் படிப்பார். இந்தக் கல்வியாண்டிலேயே ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு இதைத் தொடங்கட்டும். புதிய சட்டமோ, நிதியோ, மென்பொருளோ இதற்குத் தேவையில்லை.